டெனிஸ்டன் தேர்ந்தெடுத்த அரசன்

ஜேர்மனியின் எசன் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்தில் ராசன்தான் எப்போதும் அரசன். திரை விழும்போது அரச முடி யார் தலையில் இருக்கிறதோ அவரே அடுத்த வருடமும் அரசன் என்பது அவர்கள் மன்னாரிலிருந்து கொண்டுவந்த சட்டம். அதனால் அரசன் சாகாத கதைகளாகப் பார்த்தே ராசன் ஆடினார். முடியோடு கார் ஓட்டிப்போன அவரை மறித்த பொலிஸ்காரன் சல்யூட் அடித்தான் என்று எசனில் யாரும் சொல்வார்கள். அவர்களுக்குச் சொன்னவர் ராசன்.

இது பொறுக்காமல் பொருமியவன் அவருடைய மனைவியின் தம்பி டெனிஸ்டன். சங்கச் செயலாளர் ஆன கையோடு, இங்கிலாந்தில் தலை வெட்டுப்பட்ட சாள்ஸ் மன்னனின் கதையைத் தேர்ந்தெடுத்தான். மன்னனின் எதிரி குரொம்வெல் வேடம் தனக்கே என்றான். கோடாலியையும் வேறு ஆளிடம் கொடுக்க மனம் வரவில்லை. பாட்டு எழுதியவள் ராசனின் மகள் டெல்சி. இவர்களின் சண்டையில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகையும் நாறிப்போனதால், தகப்பனையும் மாமனையும் அவள் ஒரே அளவில் வெறுத்தாள். கூத்தில் அவரவர் பாட்டை மட்டும்தான் பாடமாக்குவார்கள். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

வெட்டுப்பட்ட அன்று குளிரில் நடுங்கினால் பயம் என்பார்களென்று மன்னன் இரண்டு சட்டை போட்டிருந்தானாம். கூத்தன்று ராசனும் போட்டார். வெட்டுமேடைக்கு முன்னால் பிள்ளைகளிடம் விடைபெறும் பாட்டைத் தொடங்கினார். “அண்ணன்மார் இருக்க நீ முடி சூடாதே” என்று சின்ன மகனுக்குச் சொன்ன புத்தியையே திருப்பித் திருப்பிப் பாடினார். சின்ன மகன் கொட்டாவி விட்டான்.

“அத்தான், தலையை வையுங்கோ,” என்று டெனிஸ்டன் பல்லைக் கடித்தான்.

“புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறன், தெரியேல்லையோ?”

“முடியைக் கழட்டுங்கோ. கழுத்து அதுக்குக் கீழ ஒளிஞ்சு கிடக்கு.”

“கோடாலி பிடிக்கத் தெரியாதவனுக்கு என்ர தலை கேக்குதோ?”

ராணி பிரான்சுக்குத் தப்பிப் போனவள் என்பதால், ராசனின் மனைவி மக்டலீன் மேடையோரக் கதிரையில், பிரான்சில் இருந்தாள். அங்கிருந்தே கத்தினாள்: “சாகிறதெண்டால் கெதியாச் சாகுங்கோ! சோறு ஆறுது.”

சபை சிரித்தது. டெனிஸ்டன் முடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெட்டினான். ராசனைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அவர் ஒரு கண்ணை வெளியே வைத்துக்கொண்டு செத்தார்.

பாராளுமன்றமாக நின்ற பெண்கள் முடியைக் குரொம்வெல்லிடம் நீட்டினார்கள். “வேண்டாம்” என்று, தன் பாட்டில் இருந்தபடி, டெனிஸ்டன் பாடினான். விருந்தில் கையால் இலையை மறிப்பதுபோல அத்தனை இழுவையாகப் பாடினான். இன்னும் இரண்டுதரம் உபசரிப்பார்கள், பிறகு வாங்கலாம் என்பது அவன் நினைப்பு. பெண்கள் உபசரிக்கவில்லை. முடியோடு உள்ளே போய்விட்டார்கள். துணிக்குள் ராசனின் வயிறு குலுங்கியது. மேளக்காரர் சாவுத்தாளம் அடிக்க, வேறு வழியில்லாமல் டெனிஸ்டனும் விழுந்து செத்தான்.

மூத்த இளவரசனாக டெல்சி வந்தாள். முடி அவள் தலையில் இருந்தது.

“என்ர அப்பாவைக் கொன்றவனைத் தோண்டி எடுங்கோ!”

இரண்டு சேவகர் டெனிஸ்டனைக் காலில் பிடித்து இழுத்து வந்தார்கள்.

“அடியே, நான் செத்திட்டன்!”

“தெரியும் மாமா. செத்தாப்பிறகுதான் குரொம்வெல்லின்ர தலையை வெட்டினவை.” கோடாலி அவன் கழுத்தில் அப்படியொன்றும் மெதுவாக இறங்கவில்லை.

ராசன் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். “என்ர பிள்ளையெல்லோ! முடியை இஞ்ச கொண்டா, குஞ்சு.”

“செத்தவை கதைக்கக் கூடாது,” என்றாள் டெல்சி. “திரையை விடுங்கோ.”