கதவோரச் சீட்டு

எங்கள் ஃபேக்டரி பஸ்ஸில் கதவை ஒட்டி ஓர் ஒற்றைச் சீட்டு உண்டு. அதில் வழக்கமாக உட்கார்ந்து வந்த இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்து போனார்கள். முதலில் சந்தனசாமி, அவருக்குப் பின் சின்னத்தம்பி. டிரைவர் ஜீவன் அந்தச் சீட்டுக்கு மேலே ஓர் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்துத் தொங்கவிட்டான். அதன் பிறகு, நின்றுகொண்டு வர நேர்ந்தாலும் அதில் யாரும் உட்காருவதில்லை.

மகேஸ்வரன் அண்ணன் உட்கார்ந்தார்.

என்னைச் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர்தான். பல வருஷங்களாகக் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மலேசியப் பக்கம் மாசாயில் பஸ் ஏறியதும் தூங்கிவிடுவார். ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் முன்னால் போய்விட்டார். ஜீவன் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "அங்கிள், அது சரியில்லாத சீட்டு லா. அடுத்த டிக்கெட் நீங்களா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் என் பக்கத்துக்கே திரும்பி வந்தார்.

"அந்தச் சனியனை விட்டுட்டேன் செல்வம். இனிமே ஒண்ணும் வராது."

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் அவருடைய தண்ணீர் பாட்டிலைக் கவனித்தேன். காலையில் நிறைத்து எடுத்து வருவார். சாயங்காலம் அப்படியே நிறைந்து வீடு திரும்பும். முன்போலத் தூங்குவதும் இல்லை. சிங்கப்பூருக்குப் போகும் கடல் பாலத்தில் பஸ் ஏறியதும் முன்கம்பியைப் பிடித்துக்கொள்வார். பஸ்ஸின் ஏசிக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருக்கும்.

எந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். ஓர் எந்திரம் சத்தம் போட்டால், சத்தம் எங்கே கேட்கிறது என்பது முக்கியமில்லை. எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சீட்டையும் அப்படி யோசித்தேன். மலேசிய எல்லையில், ஜொகூர் பாருவில் எல்லாரும் இறங்கிப் பாஸ்போர்ட் காட்டிவிட்டு மறுபடி ஏறுகிறோம். பாலத்தைக் கடந்து, சிங்கப்பூர் பக்கம் மறுபடி இறங்குகிறோம். இரண்டு பக்கமும் கழிவறை உண்டு, நடுவில் கடல்தான். ஜாம் பிடித்துவிட்டால் அந்தச் சின்னப் பாலத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டியிருக்கும். அடக்க முடியாதவன் எங்கே உட்காருவான்? கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓடக்கூடிய இடத்தில்.

சந்தனசாமியும் ஒரு காலத்தில் கடைசி வரிசைக்காரர்தான். சின்னத்தம்பி யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஜன்னலோரத்தை விட்டுவிட்டு முன்னால் போனவர். இருவரும் சிறுநீர்க் கோளாறை வெளியே சொல்லவில்லை. கடைசியில் இடுப்பெலும்பு வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது.

இடுப்பு வலி என்றால் எனக்கு அப்பாவின் ஞாபகம் வரும். காஹாங் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பு போய், படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்தார். ஆனால் அது விபத்து.

ஒரு நாள் சாயங்காலம் பாலத்தில் மழை. பஸ் நகரவில்லை. அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன்.

"சீட்டு ஆளைப் பிடிக்கலண்ணே. ஆளுங்கதான் சீட்டைத் தேடிப் போனாங்க. நீங்க சீட்டை விட்டுட்டீங்க. உள்ள இருக்கிறது உங்ககூடத்தான் இருக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் விட்டுவிடவில்லை. மூத்திரப்பைக்கு அடியில் சின்ன எலுமிச்சை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, புராஸ்டேட் என்று பெயர், மூத்திரக் குழாய் அதன் நடுவே புகுந்து வருகிறது என்று கையை மடக்கிக் காட்டினேன். வயதானால் பலருக்கும் அது நடுப்பகுதியில் வீங்கும். வீங்கினால் குழாய் நெரிபடும். பெரும்பாலும் அது வெறும் வீக்கம்தான், மாத்திரையே போதும். புற்றுநோய் அப்படியில்லை. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளியோரத்தில், குழாயைத் தொடாமல் தொடங்கும். வலிக்காது, அடைக்காது. வளர்ந்து பெரிதான பிறகுதான் தெரியும். அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடுகிற ஒரு புரதத்தை அளந்தால் முன்கூட்டியே ஒரு தடயம் கிடைக்கலாம்.

"எப்படிப் பாப்பாங்க? பின்னால விரல விட்டா?"

"மொதல்ல ரத்தம்தான்."

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே. நீ பாத்தியா?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நல்லாத் தூங்குறேன்."

"இப்பத்தானே சொன்ன, வலிக்காதுன்னு." அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "நீ வந்தா நான் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை மாசாயில் டாக்டர் வினிஃப்ரெட்டின் கிளினிக்குக்குப் போனோம். பெண் டாக்டர் என்று தெரிந்ததும் அண்ணன் வாசலிலேயே திரும்பப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா அவரைச் சங்கடப்படுத்தாமல் பேசினார். எங்கள் இருவர் கையிலும் ரத்தம் எடுத்துக்கொண்டு அனுப்பினார். போகும்போது அண்ணன், "இதுக்கா இத்தன நாளு பயந்தேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு டாக்டர் அண்ணனை முதலில் கூப்பிட்டார். ரத்தத்தில் அளவு சாதாரணமாக இருந்தது. கையால் தொட்டுப் பார்த்ததிலும் வீக்கம் வழவழப்பாகத்தான் இருந்ததாம், கட்டி எதுவும் தட்டுப்படவில்லையாம். மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தவர், அங்கேயே பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்தார்.

பிறகு நான் உள்ளே போனேன். டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார்.

என் அளவு கூடுதலாக இருந்தது. கூடுதல் என்பதாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது, கிருமித் தொற்றாலும் ஏறும் என்று பொறுமையாக விளக்கினார். மற்ற நாளாக இருந்தால் அந்த விளக்கத்தை ஆசையோடு கேட்டிருப்பேன். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா எப்படி இறந்தார் என்றார். லாரியிலிருந்து விழுந்தது, இடுப்பு, படுக்கை எல்லாம் சொன்னேன்.

"விழுறதுக்கு முன்னாடியே இடுப்புல வலி இருந்துச்சா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அப்பா லாரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல் நிற்பது தெரிந்தது. ஒரு கை இடுப்பில். மற்றவர்கள் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். அது அவர் விழுந்த நாள் இல்லை. அதற்கு வெகு நாள் முன்பு. அவர் விழுந்ததால் இடுப்பு போனது என்றுதான் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் சொல்லி வந்தோம். இடுப்பு போனதால் விழுந்தார் என்று ஒருவரும் யோசித்ததில்லை. சீட்டைப் பற்றி அண்ணனுக்கு விளக்கத் தெரிந்த நானும்தான்.

"இருந்துச்சு" என்றேன்.

அப்பாவுக்கும் அந்த நோய் இருந்திருக்கலாம், அப்படியானால் நான் நாற்பத்தைந்து வயதிலேயே பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு ஐம்பத்திரண்டு. மறுபடி ரத்தம் எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு வியாழக்கிழமை என்று எழுதிக் கொடுத்தார். சீக்கிரமே கண்டுபிடித்திருந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்றார். இது சீக்கிரமா என்று கேட்டேன். பார்த்தால்தான் தெரியும் என்றார்.

திங்கட்கிழமை விடியலில் மகேஸ்வரன் அண்ணன் கதவோரச் சீட்டில் சட்டமாக உட்கார்ந்து, வாடிப்போன எலுமிச்சம்பழத்தை அறுத்து ஜீவன் மடியில் போட்டார். என் வரிசை காலியாக இருந்தது. வியாழக்கிழமை வரமாட்டேன் என்று ஜீவனிடம் சொன்னேன்.

"எங்க அங்கிள், ஜாலியா?"

எதற்குப் போகிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நடு வரிசையில் யாரோ, அந்தக் கிளினிக் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

பஸ் பாலத்தில் ஏறி நின்றது. முன்னாலும் பின்னாலும் சிவப்பு விளக்குகள், இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர். அண்ணன் நிம்மதியாகக் குறட்டை விட்டார். நான் கடைசி வரிசையில் விழித்துக்கொண்டு, என் உடம்பில் எங்காவது ஒரு சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். மூத்திரம் முட்டவில்லை, எங்கும் வலிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.