ஆல்டன் பெயரில் வந்த வளையங்கள்

கல்லறைத் தோட்டத்து வாசலை அடைத்துக்கொண்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தினேன். சாவியைப் பிடுங்கி வலது கால் பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். என்னை மாதிரி ஒரு பொம்பளையின் பூட்ஸுக்குள் கை விடும் துணிச்சல் ஆல்டர் கோவ் ஊரில் எவனுக்கும் கிடையாது.

வெண்டல் ஸ்பிரேக் பனியை மிதித்துக்கொண்டு வந்தான். எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவன். எழுபதைத் தாண்டியும் கம்பத்தை விழுங்கியவன் மாதிரி நிற்பான். தலையில் சங்கத் தொப்பி, நெஞ்சில் பதக்கங்கள், மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"நோரீன், வண்டிய உள்ள விடு. நேரம் ஆகுது."

"விடறேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, உடனே விடறேன்."

"நேத்தே பேசி முடிச்சாச்சு."

"பேசினது நீ. நான் முடிக்கல."

அவனுக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது. கம்பளிக் குல்லாய்கள், காபி குவளைகள், தூக்கச் சொல்லி அழும் குழந்தைகள். எல்லோரும் என் வண்டியில் இருந்த வளையங்களுக்காகக் காத்திருந்தார்கள். பால்சம் என்கிற ஊசியிலை மரத்துக் கிளை நுனிகளை வட்டமாகக் கட்டி, சிவப்பு ரிப்பன் முடிந்த வளையங்கள். அவற்றைப் பட்டறையில் கட்டிக் கட்டித்தான் என் விரல்கள் வீங்கிக் கிடக்கின்றன. டிசம்பர் நடுவில் வரும் அந்தச் சனிக்கிழமை, நாடு முழுவதும் பகல் பன்னிரண்டு மணிக்கு விழா தொடங்கும். அதன்பிறகு படையில் இருந்த ஒவ்வொருவரின் கல்லறையிலும் ஒரு வளையம் சாய்த்து வைத்து, கல்லில் இருக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வளையத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியவர் யார் பெயரிலாவது கட்டுவார்கள். அது போய்ச் சேருவது யார் கல்லறைக்கோ.

இந்த வருடம் வண்டியில் பாதிக்கு மேல் என் அண்ணன் ஆல்டன் பெல்கியின் பெயரில் வந்தவை.

மார்ச்சில் அவன் செத்துப்போனான். பூ வேண்டாம், அவன் பெயரில் வளையம் கொடுங்கள் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஊரில் பாதிப் பேர் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுத்தவன் அவன். விடிவதற்கு முன் வந்து தள்ளிவிட்டு, காசு கேட்காமல் போய்விடுவான். அந்த நன்றி வளையமாக வந்து குவிந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு கல்லறைகூட வெறுமையாக இருக்கப் போவதில்லை என்று வெண்டலே பட்டறைக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்போது நான் கேட்டேன். இந்த வருடம் செத்துப்போன படைவீரர்கள் பெயரை மைக்கில் வாசிப்பீர்களே, அதில் ஆல்டனையும் சேர்த்துக்கொள். வெண்டல் என் கையை விட்டுவிட்டான்.

ஆல்டன் வியட்நாமில் ஒரு வருடம் சண்டை போட்டவன். தோளில் குண்டுச் சிதறல் வாங்கித் திரும்பி வந்தவன். தெற்கே ஒரு முகாமில் மீதிக் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். வீட்டில் அவளும் நானும்தான். எனக்குப் பதினாலு வயது. லீவு கேட்டான், கிடைக்கவில்லை. முகாமை விட்டுக் கிளம்பி வந்துவிட்டான். குளிர்காலம் முழுக்க அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஸ்பூனால் சூப் ஊட்டினான். அவளைப் புதைத்த மறுநாள் தானாகவே முகாமுக்குப் போய் நின்றான். சிறை, அப்புறம் மரியாதையில்லாமல் படையை விட்டு நீக்கம். சங்கத்தின் விதிப்படி அப்படி நீக்கப்பட்டவன் படைவீரன் இல்லை. அணிவகுப்பில் இடமில்லை, கல்லறையில் கொடியில்லை.

ஆனால் பட்டறையிலிருந்து வளையங்களை வருடா வருடம் ஏற்றி வந்தது அவன்தான். வாசலில் இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்துக்கொள்வான், மைக் சத்தம் கேட்க வேண்டுமே. விழா நாளில் அவன் உள்ளே கால் வைத்ததில்லை. வா என்று ஒருத்தரும் கூப்பிட்டதும் இல்லை.

"அவன் பேர்ல வந்த வளையம் வேணும், அவன் பேரு மட்டும் வேண்டாமா?" என்றேன்.

"வளையம் குடுத்தவங்களுக்கு நன்றி சொல்றேன். மொத்தமா சொல்றேன். பேரு வாசிக்கிறது வேற. அது படைவீரனுக்கு."

"ஒரு வருஷம் காட்டுல கெடந்தானே, அவன் அங்க என்ன, மீனா புடிச்சான்?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். வெண்டல் சிரிக்கவில்லை. வண்டிக் கதவருகே நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ராய்ஸுக்கும் அம்மா இருந்தா, நோரீன். அவளும் அந்த வருஷம் நோயில கெடந்தா. எழுதிப் போட்டா. அவன் கெளம்பி வரல."

ராய்ஸ் அவனுடைய தம்பி. போரிலிருந்து சவப்பெட்டியில் வந்தவன். வாசலிலிருந்து பார்த்தாலே அந்தக் கல் தெரியும்.

"வந்திருந்தா உயிரோட இருந்திருப்பான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. வெண்டல் அறைந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவன் கண்ணை மூடித் திறந்தான், அவ்வளவுதான்.

"இன்னும் எவ்வளவு நேரம் இந்தக் கூத்து?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "பின் கதவுப் பூட்ட ஒடைங்கப்பா!"

இரண்டு பேர் வண்டியின் பின்பக்கம் போனார்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி. நான் இறங்கிப் பூட்டுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றேன்.

"தள்ளு நோரீன்."

"என்னைய ஒடச்சிட்டு அப்புறம் பூட்ட ஒடை."

"யாரும் கை வெக்கக் கூடாது!" வெண்டலின் குரல் மைக் இல்லாமலே தோட்டத்தின் கடைசிவரை போயிருக்கும். "அது வளையம் வந்த வண்டி. கம்பியக் கீழ போடு."

கம்பி பனியில் விழுந்தது. இனி என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தேவாலய மணி அடிக்கச் சில நிமிடங்கள்தான் இருந்தன. மணி அடித்தால் நாடு முழுக்கத் தொடங்கிவிடும். நாங்கள் மட்டும் வெறுங்கையோடு நிற்போம்.

அப்போது மிசஸ் மெக்கோவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஊன்றுகோலைப் பனியில் குத்திக் குத்தி மெதுவாக வந்தார். அவருடைய மகன் கர்ட் ஈராக்கில் இறந்தவன்.

"நீ கேக்கறது நியாயம்தான் நோரீன். எங்க வீட்டு வாசல்ல ஆல்டன் தள்ளின பனி எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா என் பையன் உனக்கு என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல, மிசஸ் மெக்கோவன்."

"அப்ப அவனோடத எங்கிட்ட குடு. என்னால இவ்வளவு நேரம் நிக்க முடியல."

வெண்டலோடு இருட்டும்வரை மல்லுக்கட்டியிருப்பேன். அந்த அம்மாளோடு எப்படி மல்லுக்கட்டுவது? தோற்றுவிட்டேன் என்று அந்த நொடியே தெரிந்தது.

பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன். விரல்கள் மரத்துப்போய் வாரே பிடிபடவில்லை. ஒற்றைக்காலில் தள்ளாடினேன். வெண்டல் பனியில் முழங்கால் போட்டு, என் குதிகாலைப் பிடித்து இழுத்தான். பூட்ஸ் கழன்று வந்தது. சாவி அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"இதுக்குள்ளயா வெப்ப?" என்றான்.

"வேற எங்க வெச்சாலும் நீ எடுத்திருப்ப."

பின் கதவு திறந்தது. பால்சம் வாசனை குப்பென்று வெளியே வந்தது. கைக்குக் கை மாறி வளையங்கள் உள்ளே போயின. முதல் வளையத்தை மிசஸ் மெக்கோவனிடம் நானே கொடுத்தேன். கடைசி வளையம் போனதும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போக எனக்கு மனசில்லை. அண்ணன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அவன் செய்த மாதிரியே கண்ணாடியை இறக்கி வைத்தேன். ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

மணி அடித்தது. வெண்டல் மைக்கைப் பிடித்தான். பிரார்த்தனை, கொடிக்கு மரியாதை, படைப்பிரிவுகளுக்கான வளையங்கள், எல்லாம் வழக்கம்போல நடந்தன. அப்புறம் இந்த வருடத்துப் பெயர்கள்.

"சார்ஜென்ட் ஹாரிஸ் டூலி."

கடைசிப் பெயர் முடிந்து ஒரு மூச்சு விட்டதும் ஊதுகொம்பு ஒலிக்க வேண்டும். இறந்த படைவீரனுக்கு மட்டும் ஊதுகிற மெட்டு அது. ஊதுகிறவர் கூட்டத்துக்குள் நிற்கக் கூடாது, தள்ளி மரங்களுக்கு நடுவே நிற்க வேண்டும் என்பது வழக்கம். இந்த வருடம் ஊத வந்தவள் டெலியா, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த இசை டீச்சர். ஒஹாயோக்காரி, ஊரில் ஒருவரையும் தெரியாது. வாசலிலிருந்து எனக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கொம்பை உதட்டருகே வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்குக் காதைக் கொடுத்தபடி நின்றாள்.

"கார்ப்பரல் எல்மர் வைட்டன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் எங்கிருந்தோ வந்தது.

"மாலுமி லூயிஸ் பூடரோ."

முடிந்தது. டெலியாவின் தோள்கள் உயர்ந்தன. ஆனால் வெண்டல் மைக்கை விட்டு நகரவில்லை. தலையைத் திருப்பி, அத்தனை கற்களையும் தாண்டி என் வண்டியைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலைக் கேட்டு டெலியா மூச்சை அப்படியே நிறுத்தியிருக்க வேண்டும்.

"இத்தன வருஷமா இந்த வளையங்கள ஏத்திக்கிட்டு வந்த டிரைவருக்கும் நன்றி" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "ஆல்டன் பெல்கி" என்றான்.

டிரைவர்! எனக்குப் பொறுக்கவில்லை. அவனை மைக்கோடு சேர்த்துப் பனியில் புதைக்கலாம் போலிருந்தது. கண்ணாடியை ஏற்றக் கை வைத்தேன்.

ஊதுகொம்பு ஒலித்தது.

மரங்களுக்கு நடுவிலிருந்து நீண்டு, நிதானமாக. டெலியா அதை நாலாவது பெயர் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் கடைசியாக விழுந்த பெயர் ஆல்டன் பெல்கி. அந்தப் பெயருக்குத்தான் ஊதினாள்.

முதல் ஸ்வரம் கேட்டதுமே சங்கத்துக் கிழவர்களின் கைகள் யாரையும் கேட்காமல் நெற்றிக்கு ஏறிவிட்டன. பாதி ஏறிய பிறகுதான் சிலருக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தது. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எல்லோர் பார்வையும் வெண்டல் மேல் போய் நின்றது.

அவன் மரங்களைப் பார்த்துக் கையைத் தூக்கியிருந்தான், நிறுத்து என்கிற மாதிரி. பக்கத்தில் மைக் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் பயந்துபோய் நிறுத்தியிருப்பாள். நான் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று எனக்குள்ளேயே அவனைக் கெஞ்சினேன். அவனை நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

தூக்கிய கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மடங்கித் தொப்பி விளிம்புக்குப் போனது. விரல்கள் நேராக நின்றன. மெட்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தது.

எல்லோரும் வளையம் வைக்கக் கலைந்த பிறகு அவன் வாசலுக்கு வந்து சாவியை நீட்டினான். என் முகம் முழுக்க ஈரம். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"அந்தப் பொண்ணு தப்பா ஊதிட்டா" என்றான்.

"ஆமா. தப்புதான்" என்றேன். "நீ ஏன் கைய எறக்கல?"

வெண்டல் என்னைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டான்.

"ஊதி முடிக்கிற வரைக்கும் எறக்கக் கூடாது" என்றான். "அது விதி."