முந்தின நாளே எழுதிய கூட்டக்குறிப்பு

1

கம்பெனி இயக்குநர் குழுவில் பெண்கள் இருந்தால் கடன் மலிவாகக் கிடைக்கிறதாம். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். ஏன் என்று சொல்லும் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதனால்தான் இந்தக் கதை.

2

‘கண்ணாடி அறைக்குள் அவள் கம்பீரமாக நுழைந்…’

(வேண்டாம். அப்படி நுழைகிறவர்களை நான் பார்த்ததில்லை.)

ஒரு பெயிண்ட் கம்பெனி. நடத்துவது அண்ணனும் தம்பியும். பெரிய இயந்திரம் வாங்கக் கடன் வேண்டும். குழுவில் ஒரு பெண் இருந்தால் வட்டியைக் குறைக்கப் பார்க்கலாம் என்று வங்கி அதிகாரி சொல்லிவைக்க, தம்பி அன்றைக்கே அண்ணியை இயக்குநராக்கிவிட்டார். அண்ணி பதினெட்டு வருடமாக அங்கே கொள்முதலைக் கவனிப்பவர் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

(முதலில் அவரை வாயில்லாப்பூச்சியாகத்தான் எழுதினேன். எனக்கும் உறைக்கவில்லை.)

3

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். கூட்டக்குறிப்பைக் கணக்கர் முந்தின நாளே டைப் அடித்துவிடுவார். கூட்டம் என்றால் டீயும் கையெழுத்தும்தான்.

தன் முதல் கூட்டத்தில் அண்ணி பேனாவை மூடிவைத்தார். “என்னங்க இது? ‘பெரிய இயந்திரத்துக்குக் கடன் வாங்குவதை அனைவரும் விவாதித்து ஒருமனதாக ஏற்றனர்’னு இருக்கு. நான் இன்னும் வாயே திறக்கலையே!”

“அது சும்மா ஒரு இதுக்கு, அண்ணி,” என்றார் தம்பி. “போட்டுக் குடுங்க, நாளைக்கு பேங்குக்குப் போகணும்.”

“நம்ம சரக்குல பாதிக்கு மேல ஒரே ஆள்தான் வாங்கறார். அவர் கைவிட்டா அவ்வளவு பெரிய மெஷினை வச்சு என்ன பண்றது? வேற ரெண்டு பேரைப் பிடிக்கற வரைக்கும் சின்னதே போதும். இதை நான் சொன்னேன்னு எழுதுங்க.”

“எழுதினா கடனே கிடைக்காது!”

அண்ணியின் கணவர் டீயைக் கீழே வைத்தார். “எழுதுங்க. கேட்டது நியாயம்தானே.”

கணக்கர் எழுதினார்.

4

வங்கி அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். எதிரே அண்ணியும், நாற்காலி நுனியில் தம்பியும்.

“பத்து வருஷமா உங்க குறிப்பைப் படிக்கறேன். உள்ளே ஒருத்தர் கேள்வி கேட்டதை இப்பத்தான் பாக்கறேன்,” என்றார் அதிகாரி. “வட்டி எவ்வளவுன்னு லெட்டர் வரும்.”

வெளியே வந்ததும் அண்ணிக்கு நல்ல பசி. மனசு லேசாக இருந்தது.

5

முடிவு (அ): வட்டி அரை சதவீதம் குறைந்தது.

முடிவு (ஆ): குறையவில்லை. ஆனாலும் அண்ணி…

இரண்டையுமே முதல் வரி எழுதுவதற்கு முன்பே எழுதிவைத்திருந்தேன். கணக்கரைக் கேலி செய்தவன் நான்! இரண்டையும் அடித்துவிட்டேன்.

கடிதம் மேஜைமேல் இருக்கிறது, பிரிக்கவில்லை. அடுத்த கூட்டம் தொடங்குகிறது. குறிப்பேட்டில் இன்று வெற்றுத்தாள். வட்டி எவ்வளவு என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணி பேசி முடித்த பிறகு.