கூடுதலாக ஒரு துளை

எண்பத்தேழாம் ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த கிழமையில், ஐறீன் தன் புருஷன் அழகுமுத்துவைக் காகித நாடாவில் துளைகளாக அடித்து, சுருட்டிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அவனுக்கு அடையாள அட்டை இல்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பலருக்கு அப்போது இருக்கவில்லை. அவள் வேலை செய்த கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் துளை நாடா வாசிக்கும் பழைய கணினி ஒன்று இருந்தது. அதன் முறை எளிது: முதலில் கொஞ்சம் வெறும் நாடா, பிறகு எங்கே இறக்குவது என்ற இடம், பிறகு சரக்கு, கடைசி வரிசையில் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. கூட்டு ஒத்துவராவிட்டால் இயந்திரம் நின்றுவிடும், யார் கெஞ்சினாலும் அசையாது.

“வலிக்குமா புள்ள?” என்று கேட்டான் அழகுமுத்து.

“இல்லையப்பா, கதைக்காமல் இருங்கோ” என்று சொல்லி அவள் அடிக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், காவலரணில் ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்தான். மீசை சரியாக முளைக்காத முகம். “மே மொகக்த அக்கே?” என்று சிங்களத்தில் இது என்னவென விசாரித்தான். கந்தோர் வேலை மல்லி என்று, தம்பி முறை வைத்துச் சொன்னாள். அவன் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துளையில்லாத ஓரிடத்தில் பென்சில் முனையால் விளையாட்டாக ஒரு குத்துக் குத்திவிட்டு, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான்.

மார்கழியில் கெடுபிடி தளர்ந்தபோது நாடாவை ஓட்டினாள். கடைசி வரிசையில் இயந்திரம் நின்றது. குத்தை ஒட்டுத்தாளால் அடைத்தாள். வாசிக்கும் பல் அதைப் பிய்த்து எறிந்தது. புதுவருஷத்தோடு அந்த இயந்திரம் பழைய இரும்புக்குப் போகவிருந்தது. கணினி அறைப் பொறுப்பாளர் புவாத் நானா கணக்கைப் பார்த்தார்.

“ஒண்டு கூடுது தங்கச்சி. யார்ட எண்டு தெரியாமலா சேக்கப் போறீங்க?”

“கூடினாப் பரவாயில்லை, நானா. குறையக் கூடாது.”

பழைய கடைசி வரிசையை வெட்டி, அந்தக் குத்தையும் சேர்த்துக் கூட்டிப் புதிய வரிசை அடித்து ஒட்டினாள். கொடுத்திருந்த இடத்தில், அதாவது அவளுடைய மேசைமேல், அழகுமுத்து சேட் கசங்காமல் வந்து உட்கார்ந்து தேத்தண்ணி இருக்கா என்று கேட்டான். புவாத் பார்த்துக்கொண்டிருக்கவே ஐறீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. கடைத்தெருவில் பேரம் பேச மட்டும் சிங்களம் தெரிந்தவன், உறக்கத்தில் “அம்மே” என்று சிங்களத்தில் தாயைக் கூப்பிட்டான். சித்திரை வந்தால் சிங்கள வீடுகளைப் போலச் சுபநேரம் பார்க்காமல் அடுப்பு மூட்டவிடமாட்டான். மாதா கோயிலுக்குப் போகும் கொட்டாஞ்சேனை வேதக்காரியான ஐறீன் முதல் வருஷம் ஏசினாள், மறு வருஷம் தானே பத்திரிகையில் நேரம் பார்த்து வைத்தாள்.

தொண்ணூற்றோராம் ஆண்டு, ஆனையிறவில் சண்டை நடந்த ஆடி மாதம், ஒரு மத்தியானம் அழகுமுத்து சோற்றுக் கையோடு எழும்பித் தேம்பினான். அதன்பின் உறக்கத்தில் யாரையும் கூப்பிடவில்லை. குத்தியவன் இனி இல்லை என்று ஐறீனுக்கு விளங்கியது. பென்சிலோடு சிரித்த அந்த முகத்தை நினைத்து அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த சித்திரையில் இருவரும் குருநாகல் பஸ் ஏறினார்கள். எந்தக் காவலரணிலும் அவனை இறக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் யாரிடமும் வழி கேட்காமல் நடந்தான். ஓட்டு வீடொன்றின் வாசலில் நின்ற அந்தச் சிப்பாயின் அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சுபநேரம் தப்பப் போகுது, ஏன் இவ்வளவு சுணக்கம் என்று சிங்களத்தில் ஏசிவிட்டு, மருமகளுக்கும் சேர்த்துப் பாற்சோறு எடுக்க உள்ளே போனாள்.