மேப்பிள் மரத்தடிப் புல்

தம்பி நீட்டிய மடிக்கணினியைப் பார்த்தபடியே மார்லிஸ் டோனட்டைக் கடித்தாள். திரையில் அவள் கம்பெனி ஆட்களின் பெயர்கள். எல்லாம் பச்சை, வெண்டல் மட்டும் சிவப்பு.

"எந்த வீட்டுப் புல்லுக்கு எவ்வளவு உரம் ஆகணும்னு ஆப் சொல்லுது," என்றான் கிரெய்க். "மத்தவங்க அந்த அளவுல நிக்கிறாங்க. வெண்டலுக்கு மட்டும் எப்பவும் கூட ஆகுது. மிச்ச மூட்டையெல்லாம் எங்க போகுது? சாயங்காலம் எவன் வீட்டுப் புல்லுக்கோ போட்டுக் காசு பாக்குறான்."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? அதான் கணக்கு சொல்லுதே."

ஒஹாயோவில் புல்தரை பராமரிப்பவர்களுக்கு வசந்தம்தான் முகூர்த்த காலம். களை தலைகாட்டுவதற்குள் எல்லா வீட்டிலும் மருந்து கலந்த உரம் விழுந்தாக வேண்டும். இந்த நேரத்தில் ஓர் ஆளை வேலையை விட்டு அனுப்பினால் திண்டாட்டம். திருடனை வைத்துக்கொண்டால் அதைவிடத் திண்டாட்டம். முடிவை நாளைக்குத் தள்ளினால் மார்லிஸுக்குச் சாப்பாடு இறங்காது.

"இன்னிக்கு அவன் வண்டில நான் போறேன்."

"நீ கூட இருந்தா யோக்கியனா நடிப்பான்."

"நடிக்கட்டும். அப்போ கணக்கு சரியா வரணும். வந்தா அவன் திருடன், இன்னிக்கே அனுப்பிடறேன். வரலைன்னா தப்பு வேற எங்கயோ இருக்கு."

அவள் முன் சீட்டில் ஏறியதும் வெண்டல் அங்கே கிடந்த சாமான்களை நகர்த்தி இடம் விட்டான்.

"வேவு பாக்க வந்தீங்களா, பாஸ்?"

"ஆமா."

"நல்லது. ரேடியோ ரிப்பேர். பேச்சுத் துணை ஆச்சு."

வெண்டலின் வட்டாரம் ஊரின் பழைய பகுதி. அகலமான புல்தரைகள், வீட்டுக்கு வீடு பெரிய மேப்பிள் மரங்கள். முதல் வீட்டில் உரம் தூவும் வண்டியை அவன் ஒரே சீராகத் தள்ளிப்போனான். உரம் விழும் துவாரத்தின் அளவை மார்லிஸ் குனிந்து பார்த்தாள். சரியாக இருந்தது. நடையும் சரி. ஒரு பிடி உரம்கூட வீணாகவில்லை. ஆனால் செலவான உரத்தின் அளவைப் பதிவு செய்ததும் ஆப் சிவந்தது.

அடுத்த வீட்டிலும் சிவப்பு.

அதற்கடுத்த வீட்டில் மார்லிஸ் ஒரு மேப்பிளின் அடியில் நின்று, ஆப்பில் அந்த வீட்டின் வரைபடத்தைத் திறந்தாள். புல்தரையைச் சுற்றி ஒரு கோடு. அவள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகக் கோட்டுக்கு வெளியே இருந்தது. நாலு எட்டு நகர்ந்தாள். புள்ளி கோட்டுக்குள் வந்தது. திரும்ப மரத்தடிக்குப் போனாள். வெளியே.

"வெண்டல், நான் புல்லு மேலதானே நிக்கிறேன்?"

"கண்ணாடியை மாத்துங்க, பாஸ்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கிளைகளில் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. வெயில் தடையில்லாமல் புல்லில் விழுந்தது. வரைபடத்திலோ மரம் அடர்ந்த பச்சைக் குடையாக இருந்தது. செயற்கைக்கோள் அந்தப் படத்தை எடுத்தது நடுக்கோடையில்.

உடனே கிரெய்க்கை அழைத்தாள்.

"ஆப்புல புல்லைச் சுத்திக் கோடு போட்டது யாரு?"

"நான்தான். ஆபீஸ்ல உக்காந்தே எல்லா வீட்டையும் முடிச்சேன்."

"மரத்தை என்ன பண்ணின?"

"விட்டுட்டேன். மரத்துக்கு யாராவது உரம் போடுவாங்களா?"

"மரத்துக்கடியில புல்லு இருக்குடா, மகாராஜா. புதுக் காலனில எல்லாம் குச்சி மாதிரிக் கன்னு, அங்க கணக்கு இடிக்காது. இங்க பாதித் தரையை நீ முழுங்கிட்டு வெண்டலைத் திருடன்னு சொல்ற."

வெண்டல் தள்ளிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தினான். கையுறைகளைக் கழற்றினான்.

"திருடனா?"

"அவன் சொன்னான். நானும் பாதி நம்பினேன். தப்பு எங்க மேலதான், வெண்டல்."

"இந்த மன்னிப்பையும் ஆப்புல அனுப்புவானா?"

"நேர்ல வந்து கேப்பான். கேட்டுட்டு, உன் வட்டாரம் முழுக்கத் தரை அளக்குற சக்கரத்தைத் தள்ளி ஒவ்வொரு வீடா அளப்பான். கேக்குதா, கிரெய்க்?"

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. "மழை வர்ற மாதிரி இருக்கே, மார்லிஸ்."

"நனை."

வெண்டல் சிரிக்கவில்லை. தெருமூலையைப் பார்த்தான். பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டான்.

"மூலை வீட்டுல ஒரு நாய் இருக்கு, பாஸ். யாரையும் உள்ள விடாது. என்னை மட்டும் விடும்."

"அதுக்கு?"

"அந்த வீட்டுலேருந்து அவனை ஆரம்பிக்கச் சொல்லுங்க."