எல்லாருக்கும் முதலிடம்

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் மதிய ஷிப்ட் பார்க்கும் அக்காவை வேலையைவிட்டு எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன் செய்பவர்களைப் பேசவிடாமல் குறுக்கே பேசுகிறாராம். பதிவுகளைக் கேட்டேன். உண்மைதான். "எங்க இருக்கீங்க?" என்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்கும்போது அந்தப் பக்கத்துப் பதில் இவர் கேள்வியின் மேல் வந்து விழுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து கத்துகிறார்கள்.

காலை ஷிப்டில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் ஆள்தான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல், பழி மட்டும் ஆடியவள் தலையில்!

நான் நெட்வொர்க் பார்ப்பவள். மதியம் அக்காவின் இருக்கையிலிருந்து பிங் அடித்து, அனுப்பிய சிறு செய்தி திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். காலையில் கண் சிமிட்டுவதற்குள் திரும்பிய பதில், இப்போது ஆடி அசைந்து ஒரு விநாடி கழித்து வந்தது. போன் குரலும் இதே வழியில்தான் போய் வருகிறது. ஃபயர்வாலில் எந்த டேட்டா முன்னால் போகலாம், எது காத்திருக்க வேண்டும் என்ற விதிகளைத் திறந்தேன். அழைப்புக் குரலுக்கு முதலிடம். சரி. கணக்குப் பிரிவுக்கும் முதலிடம். டைரக்டரின் வீடியோ மீட்டிங்குக்கும், மதியம் மட்டும் ஓடும் பேக்கப் நகலெடுப்புக்கும் முதலிடம். வரவேற்பறை டிவிக்குக்கூட! எல்லாரும் பல்லக்கில் ஏறிவிட்டால் தூக்குவது யார்?

என் மேலதிகாரியிடம் போய் நின்றேன்.

"கேட்டாங்க, குடுத்தேன். யாரையாவது பகைச்சுக்க முடியுமா?" என்றார், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

"உயிர் போற போனும் டிவியும் ஒண்ணா சார்?"

அவருடைய அனுமதிக்கு நான் காத்திருக்கவில்லை. குரலை மட்டும் மேலே விட்டு மற்றதையெல்லாம் கீழே தள்ளினேன். அக்காவின் அடுத்த அழைப்பில் கேட்டதும் பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் டைரக்டர் என்னையும் அக்காவையும் கூப்பிட்டார். கையெழுத்தாகாத நீக்க உத்தரவு மேசைமேல் கிடந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"அப்படியா? அப்போ இத விட்டுடலாம்மா," என்றார். "ஆனா மீட்டிங்ல படம் நின்னு நின்னு வருது. என்னைய மட்டும் பழையபடி மேல ஏத்திடு."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அப்படி ஏத்துறதுன்னா இத விட வேணாம் சார், கையெழுத்தே போடுங்க. போன வாரம் ஒரு பொண்ணு, அப்பா மூச்சு விடலன்னு அழுதா. அவ சொன்ன தெருப் பேரு என் சத்தத்துல அமுங்கிடுச்சு. வண்டி தெருத் தெருவா அலைஞ்சுது. இன்னொரு தடவ அப்படி ஒரு போனை நான் எடுக்க மாட்டேன்."

"ஏத்தட்டுமா சார்?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். அதைப் பார்க்க அக்கா நிற்கவில்லை. கீழே அழைப்பு அறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது, ஓடிவிட்டார்.