வீரபாகு லைசன்ஸ் எடுத்த கதை

1998ஆம் ஆண்டு மாசி மாதம் வீரபாகு வாகனம் பழக வவுனியாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் செட்டிகுளத்தில் பலர் சிரித்தார்கள். அவருக்கு ஐம்பது வயது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் நாவலப்பிட்டித் தோட்டத்தை விட்டு வந்தவர், அடுத்த வருடமே ஒரு முதலாளியின் உழவு இயந்திரத்தில் ஏறிவிட்டார். இருபது வருடமாக அதுதான் தொழில். வயலுக்குள்ளும் குளக்கட்டிலும் ஓடியவரிடம் யாரும் லைசன்ஸ் கேட்டதில்லை.

இப்போது கேட்டார்கள். ஊர்த் தாய் சேய் நிலையத்துக்கு வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று வான் வண்டி கொடுக்க இருந்தது. கர்ப்பிணிகளை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்வர ஒரு சாரதி வேண்டும். கிராமச் சங்கத் தலைவர் ஐயாத்துரை வீரபாகுவின் பெயரைச் சொன்னார். லைசன்ஸ் இல்லாதவருக்கு வேலை இல்லை என்று நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள்.

பயிற்சிப் பாடசாலை வவுனியா மன்னார் வீதியில் இருந்தது. கௌசலா என்ற இருபத்தெட்டு வயதுப் பெண்ணும் அவளுடைய தமையனும் நடத்தினார்கள். தமையன் மோட்டார் சைக்கிள் பழக்குவான். கார் பழக்குவது கௌசலா. கார் ஒரு பழைய டட்சன். பழக்குபவரின் காலடியிலும் ஒரு பிறேக் இருந்தது.

முதல் நாள் வீரபாகு கதவைத் திறந்து ஏறினார், திறப்பை முறுக்கினார், கியரைப் போட்டார். கார் இரண்டு முழம்கூட நகரவில்லை. கௌசலா பிறேக்கை மிதித்துவிட்டாள்.

"ஏன்மா நிப்பாட்டுறீங்க?"

"என்னத்தைப் பாத்திட்டு எடுத்தனீங்கள் ஐயா?"

"ரோட்டத்தான். வேற என்னத்தப் பாக்குறது?"

"இறங்குங்கோ. காரைச் சுத்தி ஒருக்கா நடந்திட்டு வாங்கோ."

வீரபாகுவுக்கு முகம் கறுத்தது. "நான் இருபது வருசமா மெசின் ஓட்டுறவன்மா."

"ஓம், சங்கத்தாக்கள் சொன்னவை. அதாலதான் எனக்குக் கூடுதல் வேலை. ஒண்டும் தெரியாத ஆளுக்கு ஒருக்காப் பழக்கினாக் காணும். உங்களுக்கு முதல்ல பழகினதை மறக்கப் பண்ணவேணும்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று பின்னேரம் பஸ்ஸில் திரும்பும்போது, சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றபோது, இனிமேல் போவதில்லை என்று வீரபாகு முடிவெடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னார். "அப்ப வானை யாரு ஓட்டுறது?" என்று மனைவி கேட்டாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் போனார்.

அவரிடம் இருந்த பிழைகள் ஒன்றிரண்டல்ல. கிளச்சில் எந்த நேரமும் கால் கிடக்கும். மாடு குறுக்கே வந்தால் பிறேக்குக்கு முன் ஹோனைத்தான் தேடுவார். இறக்கம் கண்டால் நியூட்ரலில் போட்டு உருளவிடுவார்; டீசல் கிடைக்காத காலத்தில் பழகியது. கண்ணாடி என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் வராது. அவர் ஓட்டிய இயந்திரத்தில் கண்ணாடி இருந்ததில்லை.

ஆறாவது நாள் கௌசலா காரை ஒரு வெறும் வளவுக்குள் நிறுத்தச் சொன்னாள். அவரை ஆசனத்திலேயே இருக்கவிட்டு இறங்கிப் பின்னால் போனாள்.

"என்னைத் தெரியுதோ?"

"தெரியுது."

அவள் இரண்டு அடி நகர்ந்தாள். "இப்ப?"

வீரபாகு உள் கண்ணாடியைப் பார்த்தார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். வேலியும் ஒரு பனையும்தான் தெரிந்தன. "போயிட்டீங்களா?"

"திரும்பிப் பாருங்கோ."

பின் சில்லுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் காரைத் தொடும் தூரத்தில், அவள் நின்றாள்.

"கண்ணாடியில தெரியேல்லை எண்டதுக்காக ஆள் இல்லை எண்டு நினைக்கக்கூடாது ஐயா. கழுத்தைத் திருப்பிப் பாக்கவேணும்."

அவள் வந்து ஏறிய பிறகும் வீரபாகு காரை எடுக்கவில்லை.

"பின்னால பெட்டி இழுக்குற உழவு மெசினுக்கு என்ன செய்யுறது?" என்று கேட்டார். "கண்ணாடியே இல்ல. பெட்டியில சனம் இருக்கு. அப்ப?"

"பெட்டியில ஒராளைப் பொறுப்பா இருத்தவேணும். அவர் கத்தினாக் கேக்கிற வேகத்தில ஓடவேணும். இடைக்கிடை நிப்பாட்டிப் பாக்கவேணும். ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்மா."

அன்று அதற்கு மேல் அவரால் ஓட்ட முடியவில்லை. வெயில் பட்டுவிட்டது என்றார்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது செட்டிகுளத்துச் சனம் மடு மாதா கோயிலுக்கு ஓடியது. வீரபாகு தன் இழுவைப்பெட்டியில் முப்பது பேரை ஏற்றினார். கிரவல் பாதை வளைவொன்றில் சிவலட்சுமி என்ற பெண் பெட்டியிலிருந்து விழுந்தாள். பெட்டியின் சில்லு அவளுடைய வலது காலில் ஏறியது. சனம் கத்தியது வீரபாகுவுக்குக் கேட்கவில்லை. ஒருவர் முன்னால் தாவி வந்து தோளில் அடித்த பிறகுதான் நிறுத்தினார். முறிந்த கால் முழங்காலுக்குக் கீழே வளைந்தபடியே பொருந்தியது. அன்றிலிருந்து அவள் நொண்டித்தான் நடக்கிறாள். கேட்டவர்களுக்கெல்லாம் வீரபாகு ஒரே பதிலைச் சொல்லிவந்தார்: அவ ஓரத்தில உக்காந்திருந்தா, பிடிக்காம இருந்தா, விழுந்துட்டா. எட்டு வருடத்தில் அது ஊரின் கதையாகிவிட்டது. அவரும் அதை நம்பியிருந்தார்.

சிவலட்சுமி இப்போது அதே தாய் சேய் நிலையத்தில் வேலை செய்தாள். வான் ஓடத் தொடங்கினால் கர்ப்பிணிகளோடு அவளும் அதில்தான் போகவேண்டும்.

முதல் பரீட்சையில் வீரபாகு தவறினார். ஒரு சிறிய இறக்கத்தில் கை தன்பாட்டில் நியூட்ரலுக்குப் போய்விட்டது. பரீட்சகர் எழுதுவதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. கௌசலா கோபிக்கவில்லை. அடுத்த நான்கு வகுப்பும் அவரை இறக்கங்களில் மட்டும் ஓடவிட்டாள். வைகாசியில் இரண்டாம் முறை போனார், சித்தியடைந்தார். "என்னட்டைப் பழகின ஆக்களிலை நீங்கள்தான் கூடக் கஷ்டப்படுத்தினது" என்று சிரித்துக்கொண்டே கை கொடுத்தாள்.

லைசன்ஸ் கைக்கு வந்த அன்று அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே சிவலட்சுமியின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அன்னிக்கு மடு ரோட்டுல நடந்தது என் பிழை. நான் திரும்பியே பாக்கல. வளைவுல வேகத்தக் குறைக்கவும் இல்ல."

அவள் உளுந்தைக் கையால் பரவினாள்.

"எனக்குத் தெரியும் வீரபாகண்ணை. நான் நடுவிலதான் இருந்தனான். வளைவில சனம் முழுக்க என்னிலை சரிஞ்சு வெளியில தள்ளிப்போட்டுது. விழேக்கை உங்கடை பேரைச் சொல்லித்தான் கத்தினனான்."

"கேக்கலம்மா."

"கேட்டிராது. மெசின்ர சத்தம். செல்குண்டும் விழுந்துகொண்டிருந்தது. அதுக்கு நான் உங்களோட கோவிக்கேல்லை." அவள் நிமிர்ந்தாள். "ஆனா நான் ஓரத்தில இருந்தனான் எண்டு ஊர் முழுக்கச் சொன்னது நீங்கள். என்ர மனுசன்கூட அதை நம்பி என்னை ஏசினவர். அதுதான் எனக்கு ஆறேல்லை."

வீரபாகு கை கூப்பினார்.

"மன்னிப்பு ஒண்டும் வேண்டாம். சொன்ன ஆக்களிட்டையே மாத்திச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை வீரபாகுவிடம் வானின் திறப்பைக் கொடுக்கச் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். அறுபது பேர்வரை வந்திருந்தார்கள். ஐயாத்துரை வீரபாகுவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். வீரபாகு எழுந்து மடு வீதியில் நடந்ததைச் சொன்னார். வேகத்தைச் சொன்னார். சிவலட்சுமி நடுவில் இருந்ததையும் தான் பொய் சொல்லிவந்ததையும் சொன்னார். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்ப இந்தாளிட்டை எப்பிடிக் கர்ப்பிணிகளை நம்பி விடுறது?" சிலர் ஓம் ஓம் என்றார்கள். திறப்பு ஐயாத்துரையின் கையிலேயே இருந்தது.

சிவலட்சுமியின் கணவன் முத்துலிங்கம் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தான். அவள் கதிரையின் கையைப் பிடித்து எழுந்தாள்.

"அந்த வானில கிழமைக்கு மூண்டு நாள் போகப்போறது நான். எனக்குப் பயமில்லை. குடுங்கோ."

ஐயாத்துரை கொடுத்தார்.

முதல் ஓட்டம் புதன்கிழமை. இரண்டு கர்ப்பிணிகளும் சிவலட்சுமியும். போகும் வழியில் அவள் வீரபாகுவோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. பறையனாலங்குளத்தில் சோதனைக்காக இறங்கி ஏறியபோது மட்டும், பின் கதவு சரியாகப் பூட்டவில்லை என்றாள். அவர் இறங்கிப்போய்ப் பூட்டினார்.

பின்னேரம் வீட்டடியில் இறங்கும்போது முத்துலிங்கம் படலையில் நின்றான். அவளுடைய பையை வாங்கிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வாங்கோ" என்றாள் அவள் வீரபாகுவிடம். "மூண்டு பேர் இருக்கினம்."